ட்ராக் காருக்குச் சீற், பெல்ற், றோல் பார்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஓடுபாதை கிடையாது. களுத்துறைப் பக்கத்துக் கட்டுகுருந்த ட்ராக் என்றால் 300 கிலோமீற்றருக்குக் கிட்ட. சாலியபுர மண்பாதை என்றால் அனுராதபுரம் வரை போகவேண்டும். அதனால் எங்கள் பக்கத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் இரட்டை வேலை பார்க்கின்றன. எம்.எக்ஸ்-5, டொயோட்டா 86, இன்ரெக்ரா, பழைய சிவிக் எதுவானாலும் சரி, அதிகாலையில் ஹபரணை வழியாக ஓடிப்போய், ட்ராக்கில் சுற்றி, அதே ரயரில் வீடு திரும்பும். மறுநாள் பிள்ளையை ரியூசனுக்கும் ஏற்றிப்போகும். கீழேயுள்ள பதில்கள் அப்படியான கார்களுக்கு. போட்டிக்கென்றே கார் கட்டுபவர் ஏற்பாட்டாளரின் விதிப்புத்தகத்தை முதலில் வாசிக்கவேண்டும்.

கையில் காசு கொஞ்சம்தான். முதலில் எந்த சீற் வாங்கலாம்?

எந்த சீற்றும் வேண்டாம். பிரேக் ஒயில், பிரேக் பேட், ரயர், ஹெல்மெற். முதற்காசு அதற்குத்தான்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸுக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய ஒயிலுக்கு அந்த எல்லை 155. டொட் 3 இன்னும் குறைவு: 205, 140. கடற்கரை ஊரில், வாடைக்கால மழை முழுவதும் வெளியில் நின்ற காரில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். நகரத்து ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. ட்ராக்கில் சில சுற்றுக்குப் பிறகு ஒயில் கொதித்துக் குமிழியாகும், பெடல் தரையோடு போய் ஒட்டும். அந்த நேரத்தில் எந்த சீற்றில் இருந்தாலும் ஒன்றுதான்.

அப்படியென்றால் ஒரிஜினல் சீற்றும் மூன்றுமுனை பெல்ற்றும் போதுமா?

ட்ராக்குக்கு வருடத்தில் ஓரிரு தடவை போகிறவருக்கு, கூரையுள்ள காரில், போதும். பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வொல்வோ கம்பனியில் நீல்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்த மூன்றுமுனை பெல்ற் இன்று தனியாக இயங்கும் பொருளல்ல. சீற்றின் உள்ளே இருக்கும் சரிவு, மோதும் கணத்தில் பெல்ற்றை இழுத்து இறுக்கும் சிறு வெடிமருந்து, எயார்பாக் விரியும் நேரம், மடங்கிக்கொடுக்கும் ஸ்ரியரிங் தண்டு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, காரை மோதிப்பார்த்துத்தான் தொழிற்சாலை அளவெடுக்கிறது. அது ஒரு முழுச் செற்.

றேஸ் காரில் இருப்பதும் முழுச் செற்தான்: உடம்பை இரு பக்கமும் அணைக்கும் அசையாத பக்கற் சீற், ஆறுமுனை பெல்ற், றோல் பார் (கார் உருண்டால் தலையைக் காக்கும் குழாய் வளையம்) அல்லது கேஜ் (முழுக் குழாய்க் கூடு), கழுத்துக்கு ஹான்ஸ் (ஹெல்மெற்றைத் தோளோடு கட்டிவைக்கும் சாமான்), ஹெல்மெற். இதில் ஒன்றை எடுத்தால் அடுத்ததும் வேண்டும். ஆறுமுனை பெல்ற் உடம்பை நிமிர்த்தி ஆணி அடித்தமாதிரிப் பிடிக்கும். கார் உருண்டு கூரை அமுங்கினால் பக்கவாட்டில் சரிய இடமிராது, ஆகவே றோல் பார் தேவை. உடம்பு நின்றுவிடும், ஹெல்மெற்றின் பாரத்தோடு தலை மட்டும் முன்னால் பாயும், ஆகவே ஹான்ஸ் தேவை. கால்களுக்கு நடுவே வரும் பட்டிக்கு சீற்றில் துளை வேண்டும், ஆகவே றேசிங் சீற் தேவை.

ஒரு செற்றிலிருந்து பாதி, மற்றதிலிருந்து பாதி என்று எடுப்பது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். நான் பார்க்கிற அரைகுறைக் கார்களில் முக்கால்வாசி அந்த நிலையில்தான் இருக்கின்றன. பழைய ஒரிஜினல் அமைப்பு அவற்றைவிடப் பாதுகாப்பானது.

ஒரிஜினல் பெல்ற்றிலேயே இறுக்கமாக இருக்க ஒரு வழி உண்டு. சீற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ற்றைப் பூட்டி, ஒரு சுண்டு சுண்டி லொக் ஆக்கி, அப்படியே சீற்றை முன்னால் நகர்த்துங்கள். இடுப்பு நன்றாகப் பிடிபடும். சீற் தண்டவாளம் ‘கிளிக்’ என்று பூட்டியதா என்று ஒருதரம் உடம்பால் உலுக்கிப் பாருங்கள்.

நாலுமுனை பெல்ற் மலிவாகக் கிடைக்கிறது. ஒரிஜினல் சீற்றில் அதைப் போடலாமா?

வேண்டாம். நாலுமுனையில் வயிற்றுக்குக் கீழே இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. தோள்பட்டிகளை இறுக்கும்போது நடுவிலுள்ள பூட்டு மேலே ஏறி, இடுப்பெலும்பில் கிடக்கவேண்டிய பட்டி வயிற்றுக்கு வந்துவிடும். முன்னால் மோதினால் உடம்பு பட்டிக்கு அடியால் வழுக்கும். மிச்சப் பாரம் ஈரல், மண்ணீரல், குடல் மீது. இதைத் தடுக்கத்தான் ஐந்தாவது, ஆறாவது முனைகள். ஒரு தோளில் மட்டும் விசேஷமாக நீளும் மடிப்பு வைத்த நாலுமுனை பெல்ற்கள் சில இருக்கின்றன. அவை குறிப்பிட்ட கார்களுக்கென்று பரிசோதித்து விற்கப்படுபவை, கடையில் தொங்கும் பச்சைப் பட்டிகளோடு சேர்த்தி இல்லை.

அந்தப் பச்சைப் பட்டிகளைப் பற்றி இன்னொன்று. பேர்பெற்ற பெல்ற், சீற் கம்பனிகளின் பெயரில் போலிகள் உலகமெங்கும் ஓடுகின்றன. லேபல் இல்லை, திகதி இல்லை, தையல் ஒரே வரி என்றால் அது அலங்காரச் சாமான்.

சரி, முழுச் செற் போட முடிவெடுத்துவிட்டேன். சீற்றை எப்படித் தெரிவது?

லேபலில் தொடங்குங்கள். எப்.ஐ.ஏ என்பது உலகக் கார்ப் பந்தயத்துக்கு விதி வகுக்கும் அமைப்பு. எப்.ஐ.ஏ 8855-1999 என்று இருந்தால் அது போட்டிக்கு அங்கீகரித்த சீற். தயாரித்த திகதியிலிருந்து 5 வருடம் செல்லும். 8862-2009 அதைவிட உயர்ந்த தரம், 10 வருடம். வெறும் ட்ராக் நாளுக்குத் திகதி முடிந்த சீற்றை அனுமதிப்பவர்கள் உண்டு, ஆனால் எவ்வளவு காலம் முடிந்தது, எங்கே கிடந்தது என்பது முக்கியம். சாய்த்து மடக்கக்கூடிய அரைப் பக்கற் சீற்கள் வீதிக்கு நல்லவை; ஆறுமுனை பெல்ற்றுக்கு அசையாத முதுகுள்ள சீற்றையே எடுங்கள்.

அளவு இரண்டாவது. இடுப்பு இறுக்கமாக உட்காரவேண்டும், விலா நெரிபடக்கூடாது. பெரும்பாலானோர் ஒரு அளவு பெரிதாக எடுத்துவிட்டு, பிறகு இரு பக்கமும் ஸ்பொஞ்ச் அடைக்கிறார்கள். சீற்றில் இருந்து கிளச்சை அடிவரை மிதித்தால் முழங்கால் இன்னும் கொஞ்சம் மடிந்திருக்கவேண்டும். தோள் சீற்றில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்ரியரிங்கின் உச்சியில் விழவேண்டும். இதை ஹெல்மெற் போட்டுக்கொண்டு பாருங்கள். எம்.எக்ஸ்-5 போன்ற காரில் ஆறடி மனிதருக்குத் தலை இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

தலையின் இரு பக்கமும் காது போல நீண்ட சீற்கள் பக்கவாட்டு மோதலில் மிக நல்லவை. ஆனால் அனுராதபுரச் சந்தியில் வலப்பக்கம் வரும் ஓட்டோவை அவை மறைக்கும். தினமும் வீதியில் ஓடும் காருக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் சீற் வாங்கலாமா?

வாங்கலாம், துணியைக் கழற்றிப் பார்க்க விட்டால். கூட்டின் பின்பக்கம் ரோர்ச் அடித்துப் பாருங்கள். போல்ற் துளைகளைச் சுற்றியும், பெல்ற் துளைகளின் மூலைகளிலும், முதுகு வளையும் இடத்திலும் நூல்போன்ற வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அந்த சீற் ஒரு மோதலைக் கண்டது.

திருகோணமலைக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கடற்கரையில் பைபர் வள்ளம் திருத்துகிறவர்கள் நாணயத்தாலோ சின்னச் சுத்தியலாலோ தட்டியே உள்ளே அடுக்கு விட்டிருக்கிறதா என்று சொல்வார்கள். நல்ல இடத்தில் சத்தம் கூர்மையாக வரும். அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகப் போகும். சீற்றைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போங்கள், தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அவர்களைக் கொண்டு வெடிப்பை ஒட்டுவிக்காதீர்கள். “அண்ணை, ஒரு மட் போட்டு ரெசின் அடிச்சா வள்ளத்தைவிட உறுதி” என்பார்கள். வள்ளத்தின் உறுதி வேறு. சீற் எவ்வளவு வளைந்து, எங்கே விட்டுக்கொடுக்கவேண்டும் என்று கணக்கிட்டுத்தான் கூட்டை அடுக்குகிறார்கள். ஒட்டுப் போட்ட இடம் கல்லாகி, அதன் ஓரத்தில் அடுத்த வெடிப்புப் புறப்படும்.

சீற்றைத் தரையில் எப்படிப் பூட்டுவது? எங்கள் வெல்டிங் பாஸ் அரை மணித்தியாலத்தில் செய்து தருகிறேன் என்கிறார்.

அரை மணித்தியாலத்தில் ஆகிற வேலையல்ல இது. பாஸின் கைவேலை நன்றாகவே இருக்கும். எதை எதோடு பூட்டுவது என்று அவருக்குச் சொல்லவேண்டியவர் நீங்கள்.

காரின் ஒரிஜினல் சீற் பூட்டியிருந்த நாலு துளைகள்தான் தரையில் மிகப் பலமான இடங்கள். அந்தத் துளைகளில் நேரே உட்காரும்படி உங்கள் கார் மொடலுக்கென்று செய்த அடித்தளம் கிடைத்தால் அதை வாங்குங்கள். அதன் மேல் பக்கவாட்டுப் பிரக்கற், அதில் சீற். எப்.ஐ.ஏ விதி சீற் ஒன்றுக்குக் குறைந்தது நாலு இடத்தில், 8 மி.மீ. போல்ற்றில் பூட்டச் சொல்கிறது. தாங்கிகள் இரும்பென்றால் 3 மி.மீ., அலுமினியக் கலவை என்றால் 5 மி.மீ. தடிப்பு. புதிதாகத் துளை போட்டே ஆகவேண்டும் என்றால், தகட்டுக்குக் கீழே ஒவ்வொரு துளைக்கும் 40 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாத, 3 மி.மீ. தடிப்பான இரும்புப் பிளேற் வைக்கவேண்டும். வெறும் வொஷர் வைத்தால், மோதும்போது தரைத்தகடு கிழிந்து போல்ற் தலையோடு மேலே வந்துவிடும்.

ஒருவர் மட்டுமே ஓடும் காரென்றால் நகரும் தண்டவாளத்தை விட்டுவிடலாம். ஒரு பலவீனம் குறையும், சீற்றும் பதியும். வீட்டில் இன்னொருவரும் ஓடுவதென்றால், இரு பக்கமும் பூட்டும் தண்டவாளம் வேண்டும். ஒருபக்கம் மட்டும் பூட்டுவது மோதலில் முறுகும்.

இனி எங்கள் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள்.

முதலாவது துரு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் நிற்கிற காரில் கம்பளத்துக்கு அடியில் என்ன நடக்கிறதென்று மேலிருந்து தெரியாது. கம்பளத்தை முழுதாகக் கிளப்புங்கள். தார்போன்ற ஒட்டை வெப்பத்தில் இளக்கிச் சுரண்டுங்கள். சீற் பூட்டும் குறுக்குச் சட்டத்தைத் தடித்த ஸ்குரூ டிரைவரால் அமத்திக் குத்துங்கள். உள்ளே போனால், அல்லது பெயின்ற் செதிலாக எழும்பி அடியில் பழுப்புத் தூள் கொட்டினால், சீற் வேலையை நிறுத்திவிட்டுத் தரையை வெட்டி மாற்றுங்கள். பூசி மறைத்த துருவில் பூட்டிய சீற் எவ்வளவு விலை கொடுத்ததாயினும் பயனில்லை.

இரண்டாவது ஸ்ரெயின்லெஸ் போல்ற். துருப்பிடிக்காது என்று எல்லாவற்றுக்கும் அதைப் போடுவது இங்கே பழக்கம், வள்ளத்துக்கு அது சரியும்கூட. சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்ரெயின்லெஸ், தலையில் 8.8 என்று அடித்த இரும்பு போல்ற்றைவிடப் பலம் குறைந்தது. இறுக்கும்போது மரை கடித்து நட் இடைவழியில் சிக்கியும் கொள்ளும். சீற்றுக்கும் பெல்ற்றுக்கும் 8.8 அல்லது 10.9 அடையாளமிட்ட, நாகம் பூசிய போல்ற்தான். பூட்டியபின் அடிப்பக்கத்தில் மெழுகோ கிறீஸோ பூசி, வாடை தொடங்கமுன் ஒருதரம், மழை விட்டபின் ஒருதரம் படுத்துப் பாருங்கள்.

சீற்றைக் கழற்றினால் எயார்பாக் லைற் எரிகிறதே?

பல கார்களில் சீற்றின் பக்கத்திலேயே ஒரு எயார்பாக் இருக்கும், பெல்ற் இறுக்கியின் வயரும் அங்கே ஓடும். மஞ்சள் நிறக் கொக்கி என்றால் கை வைக்கமுன் பற்றரியின் மறை முனையைக் கழற்றி, கார்க் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ரெசிஸ்ரர் ஒன்றைச் செருகி லைற்றை அணைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கணினி ஏமாறும், மற்ற எயார்பாக்குகள் வேலைசெய்யும், ஆனால் பக்க எயார்பாக் இல்லை என்பது அப்படியேதான் இருக்கும். கழற்றிய ஒரிஜினல் சீற்றை எயார்பாக் மேலே பார்க்க, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாடும் விறாந்தையில் வேண்டாம்.

தோள்பட்டியை எங்கே கட்டுவது? பின் சீற் பெல்ற் துளையில் கட்டினால் போதாதா?

கோணத்தைப் பொறுத்தது. தோளிலிருந்து பின்னால் போகும் பட்டி கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் கீழே இறங்கவே கூடாது. ஹான்ஸ் போடுகிறவர் என்றால் 0 முதல் 20 பாகைக்குள். தரையில் கட்டினால் பட்டி முதுகு வழியே செங்குத்தாக இறங்கும். மோதலில் அது உடம்பைப் பின்னால் பிடிப்பதற்குப் பதில் தோளைக் கீழே அமத்தி முள்ளந்தண்டை நசுக்கும். இரண்டு கதவுக் காரில் இதற்குச் சரியான இடம் றோல் பாரின் குறுக்குக் குழாய்தான்.

இடுப்புப் பட்டியின் முனைகளுக்கு 7/16 அங்குல யூ.என்.எப். மரைதான் வழமை; ஜப்பான் கார்களின் ஒரிஜினல் பெல்ற் துளைகளும் பல வேளைகளில் அதுவே. மில்லிமீற்றர் போல்ற்றை வைத்துத் திருகி மரையைக் கெடுக்காதீர்கள்.

குறுக்குக் குழாயில் பட்டியைச் சுற்றிவிட்டு மூன்று கம்பிக் கொளுவியில் கோர்க்கும்போது நிதானமாகப் பாருங்கள். பட்டி மேலே வந்து, நடுக்கம்பியைச் சுற்றி இறங்கி, மறுபடி முதற் கம்பிக்கு மேலால் திரும்பிப் போய் அடியில் மறையவேண்டும். அந்தக் கடைசித் திருப்பத்தை விட்டுவிட்டால் கையால் இழுக்கும்போது இறுக்கமாகவே இருக்கும், காரின் பாரம் விழும்போது உருவிக்கொண்டு போய்விடும். வால் குறைந்தது 10 சென்ரிமீற்றர் மிஞ்சவேண்டும். கொளுவி குழாயோடு ஒட்டியிருக்கவேண்டும்.

போடும் வரிசை: முதலில் இடுப்புப் பட்டியை எலும்பின் மேல் தாழ்வாக வைத்து வலிக்கும்வரை இறுக்குங்கள், பிறகு கால்ப்பட்டி, தோள்பட்டி கடைசியில். தோளை முதலில் இழுப்பவருக்கு இடுப்புப் பட்டி வயிற்றுக்கு ஏறிவிடும்.

ஆறுமுனை பெல்ற்றோடு வீதியில் ஓடலாமா?

ஒரிஜினல் பெல்ற்றைக் கழற்றாமல் வைத்து, வீதியில் அதையே போடுங்கள். முன் சீற்றில் பெல்ற் போடுவது சட்டம் என்பது ஒருபக்கம். ஆறுமுனையை இறுக்கிப் போட்டுக்கொண்டு கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவே இருட்டில் போய்ப் பாருங்கள். முன்னால் சாய்ந்து கண்ணாடித் தூணைத் தாண்டிப் பார்க்க முடியாது, யானை எந்தப் பக்கம் நிற்கிறதென்று தெரியாது. தளர்த்திப் போட்டால் அது பெல்ற்றே இல்லை. பக்கற் சீற் போட்டபின்னும் ஒரிஜினல் பெல்ற் இடுப்பெலும்பில் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். சீற்றின் உயர்ந்த ஓரம் பட்டியைத் தூக்கிவிடுவது உண்டு.

கூரை மடக்கும் காருக்கு றோல் பார் கட்டாயமா?

ட்ராக்குக்கு, ஆம். எந்தப் பெல்ற் போட்டாலும் ஆம். முன் கண்ணாடிச் சட்டம் காரின் பாரத்தைத் தாங்குமென்று நம்பி ஓடக்கூடாது. அழகுக்கு வரும் பளபளப்பு வளையங்கள் வேறு, உடற்சட்டத்தில் பூட்டி, பின்னால் முட்டுக் கொடுத்த றோல் பார் வேறு.

சரியான உயரமா என்று பார்க்கத் தும்புத்தடி போதும். ஓடுபவர் ஹெல்மெற் போட்டு, பெல்ற் இறுக்கி, வழமைபோல இருக்கவேண்டும். இரண்டு பேர் தும்புத்தடியின் ஒரு முனையை றோல் பாரின் உச்சியிலும் மறுமுனையை முன் கண்ணாடிச் சட்டத்தின் மேலும் வைத்துப் பிடிக்க, ஹெல்மெற் தடிக்குக் கீழே நிற்கவேண்டும். இரண்டு விரல் கட்டை இடைவெளியாவது இருந்தால் நிம்மதி, 5 சென்ரிமீற்றர் இருந்தால் நல்லது. அந்த நேரத்தில் எல்லோரும் தம்மையறியாமல் குனிவார்கள். “நிமிருங்கோ” என்று சொல்லித்தான் அளக்கவேண்டும். தடி ஹெல்மெற்றைத் தொட்டால் சீற்றை இறக்குங்கள், இல்லையென்றால் உயரமான பார் வாங்குங்கள்.

உள்ளூரில் செய்விப்பதானால் குழாயைக் கவனியுங்கள். எப்.ஐ.ஏ விதிப்படி பிரதான வளையம் குளிராக இழுத்த, பொருத்தில்லாக் கரிம இரும்புக் குழாய், 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிப்பு, அல்லது 50க்கு 2. கேற்றுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் போடும் ஜீ.ஐ. பைப் ஒருபோதும் வேண்டாம். அது நீளவாக்கில் பொருத்தியது, வளைக்கும்போது அந்தப் பொருத்திலேயே வாய் பிளக்கும். நாகப் பூச்சின் புகை வெல்டிங் செய்பவருக்குக் காய்ச்சலும் தரும். குழாயை மணல் அடைத்துச் சூடாக்கி வளைப்பதும் வேண்டாம். வளைக்கும் மெஷின் இல்லையென்றால் கொழும்பில் ஆயத்தமாக வாங்குங்கள்.

தலை எட்டக்கூடிய குழாயெல்லாம் கடின நுரையால் மூடவேண்டும். எப்.ஐ.ஏ 8857-2001 அல்லது அமெரிக்கத் தரமான எஸ்.எப்.ஐ 45.1 என்று எழுதியது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற கறுப்பு நுரை தலைக்கு ஒன்றும் செய்யாது. முழுக் கேஜ் போட்ட காரை ஹெல்மெற் இல்லாமல் வீதியில் ஓடாதீர்கள். சின்ன இடியிலும் குழாய் மண்டையைப் பிளக்கும். இரட்டை வேலைக் காருக்கு முன் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் அரை பார் நல்ல சமரசம்.

ஹான்ஸ் வேண்டுமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஆறுமுனை பெல்ற் போடுகிறவருக்கு வேண்டும். ஒரிஜினல் பெல்ற்றில் ஹான்ஸ் வேலை செய்யாது, அது தோள்பட்டிகளுக்கு அடியில் பிடிபட்டு நிற்கும் சாமான்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்பொறியியல் கற்பித்த றொபேர்ட் ஹபார்ட், அவருடைய மைத்துனரான றேஸ் ஓட்டுநர் ஜிம் டவுனிங் இருவரும் 1980களில் இதைச் செய்தார்கள். கனகாலம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கழுத்தை நெரிக்கும் என்று சிரித்தார்கள். 2001 பெப்ரவரி 18 அன்று டேற்றோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி மண்டையோட்டின் அடித்தளம் உடைந்து இறந்தார். 2003இலிருந்து ஃபோர்முலா 1இல் ஹான்ஸ் கட்டாயம். உடம்பு நின்று தலை நிற்காதபோது உடைவது அந்த இடம்தான். ஹான்ஸ் இரண்டு கயிற்றால் ஹெல்மெற்றைத் தோளோடு கட்டி வைக்கிறது, வேறொன்றுமில்லை.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் போதுமா?

எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரையுள்ள நல்ல ஹெல்மெற் வெறுந்தலையைவிட மேல். சில ஏற்பாட்டாளர்கள் விடுவார்கள். ஆனால் ஹெல்மெற்களைப் பரிசோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. வகை கார்ப் பந்தயத்துக்கென்றே உள்ளது: உள்ளுறை தீப்பிடிக்கிறதா என்று பரிசோதிப்பார்கள், றோல் பாரில் இடிப்பதுபோலவும் அடித்துப் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கான எம். வகையில் இவை இல்லை. எஸ்.ஏ.2020 என்று உள்ளே ஒட்டியிருந்தால் வாங்கலாம். ஹான்ஸ் ஆணிக்குத் துளையும் இருக்கும். கீழே விழுந்த ஹெல்மெற்றை இரவல் வாங்காதீர்கள். விழுந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தீயணைப்பான்?

2 கிலோ, உலோகப் பட்டி, உலோகத் தாங்கி. உட்கார்ந்தபடி கைக்கு எட்டவேண்டும். எப்.ஐ.ஏ 25 ஜி (புவியீர்ப்பின் 25 மடங்கு) வேகக்குறைப்பைத் தாங்கும்படி பூட்டச் சொல்கிறது: சிலிண்டரோடு 4 கிலோ என்றால் அந்தக் கணத்தில் 100 கிலோ பாரம். பிளாஸ்ரிக் கொளுவியில் தொங்குவது முதல் மோதலிலேயே உங்கள் தலையைத் தேடி வரும். பவுடர் வகை வாகன அதிர்ச்சியில் அடியில் இறுகிக் கட்டியாகும். அவ்வப்போது தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகமுன் லேபலிலுள்ள வெப்ப எல்லையை வாசியுங்கள்.

என்ன உடுத்துவது?

ட்ராக் நாளுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், மெல்லிய அடியுள்ள சப்பாத்து. எங்கள் பொடியன்களுக்குப் பிடித்த கால்பந்து ஜேர்சி மட்டும் வேண்டாம். பொலியெஸ்ரர் தீயில் உருகித் தோலில் ஒட்டும், உரிக்கவும் முடியாது. போட்டிக்குப் போனால் எளிதில் தீப்பற்றாத நொமெக்ஸ் உடுப்பு, உள்ளாடையோடு. மதிய வெயிலில் அதைப் போட்டு நிற்பது தண்டனைதான், சுற்றுக்குப் போகும் முன் மட்டும் சிப்பை ஏற்றுங்கள்.

வெயிலும் உப்பும் பெல்ற்றைக் கெடுக்குமா?

கெடுக்கும். பெல்ற் நூல் பொலியெஸ்ரர், சூரிய ஒளியில் பலம் இழக்கும். நிறம் வெளிறிய பட்டி பலமும் வெளிறிய பட்டி. எப்.ஐ.ஏ 8853/98 பெல்ற்றின் ஆயுள் 5 வருடம் என்பது ஐரோப்பியக் கராஜில் கிடந்தாலும்தான். உவர்மலையில் கூரையில்லாமல் நிற்கும் காரில் அதற்கு முன்னரே கைப்பட்டுத் தெரியும், ஓரம் சொரசொரக்கும். ட்ராக் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், பெரும்பாலானவை கொக்கியில் கழரும். வியர்வை காய்ந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்பு போட்டு அலசி நிழலில் காயவிடுங்கள், பிளீச் வேண்டாம். மோதிய பெல்ற் பார்க்க நன்றாயிருந்தாலும் குப்பைக்கு.

வாகனப் பரிசோதனையிலும் காப்புறுதியிலும் சிக்கல் வருமா?

காரின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், மாற்றியபின் கேட்பது கஷ்டம். காப்புறுதிப் பத்திரங்களில் பந்தயம், வேகப் பரீட்சை போன்றவற்றை விலக்கும் வாசகம் வழமை. ட்ராக்கில் நடந்ததை வீதியில் நடந்ததென்று எழுதுவது மோசடி.

இதையெல்லாம் பூட்டியபின் நிலாவெளி வீதியில் இரவில் ஒருதரம் பார்க்கலாமா? சீனக்குடா ரன்வே?

சீனக்குடா விமானப்படைத் தளம், கேட்டுப் பயனில்லை. நிலாவெளி வீதியில் மாடு, நாய், சைக்கிளில் லைற் இல்லாமல் வரும் ஐயா. நகருக்குள் கோட்டைப் பக்கத்து மான்கள். நீங்கள் பெல்ற்றும் பாரும் போட்டிருக்கிறீர்கள், அவர்கள் போடவில்லை. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவ பொக்ஸ் ஹில் போட்டியில் கார் பாதையை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அது ஏற்பாடு செய்த போட்டி.

இழுக்கும் கொக்கி, மின் துண்டிப்பான் தேவையா?

கொக்கி தேவை, முன்னும் பின்னும். சிவப்பு, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம் பூசி, அம்புக்குறி ஒட்டுங்கள். மணலில் இறங்கிய காரை இழுக்க வருபவர் பம்பருக்கு அடியில் படுத்துத் தேடக்கூடாது. துண்டிப்பான் ட்ராக் நாளுக்குக் கட்டாயமல்ல, போட்டிக்கு வேண்டும். வெள்ளை ஓரமிட்ட நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் அதன் குறி, அடிப்பக்கம் 12 சென்ரிமீற்றருக்குக் குறையாமல்.

பக்கத்தில் தம்பியை ஏற்றிச் சுற்றலாமா?

ஏற்பாட்டாளர் விட்டால், உங்களுக்குள்ள அதே செற் அவருக்கும் இருந்தால். ஓட்டுநருக்குப் பக்கற் சீற், ஆறுமுனை, ஹான்ஸ்; பக்கத்தில் இருப்பவருக்குத் துரு ஏறிய ஒரிஜினல் பெல்ற், இரவல் ஹெல்மெற் என்றால் அவரை வேலியருகே நிறுத்தி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் கேள்வியே இல்லை.